கண்ணும் காதும் கடிகாரமும்

"பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதிக் கொடுங்கள்" என்று தலைமையாசிரியர் பணித்தபோது, அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவற்றை எழுத வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது உச்சரிக்கின்ற ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லின் வரலாற்றை எழுதினால் என்ன என்று தோன்றிற்று. அந்தச் சொல்தான் 'கவனம்'.

"கவனி!" "கவனமா எழுது!" "கவனம் எங்கே போச்சு?" இந்த மூன்று வாக்கியங்கள் இல்லாமல் எந்தத் தோட்டப் பள்ளியிலாவது பாடம் நடந்ததுண்டா? எங்களைப் போன்ற சிறிய பள்ளிகளிலே கூட்டு வகுப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரே அறையில் மூன்றாம் ஆண்டு இந்தப் பக்கம், நான்காம் ஆண்டு அந்தப் பக்கம். இவர்களுக்குக் கணக்கு, அவர்களுக்கு வாசிப்பு. ஆசிரியர் ஒருவர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வகுப்பில் நடந்த நிகழ்ச்சி இது. பலகையில் எழுதிப் போட்டதைப் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நேரம் போதாது என்று நான் அதே சமயத்தில் விளக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு ஒரு மாணவனைக் கேள்வி கேட்டேன். விழித்தான். "என்னடா, காது கேக்கலியா?" என்று அதட்டினேன். அவன் மெல்லச் சொன்னான்: "சார், நீங்க சொல்றத கேட்டா எழுத முடியல. எழுதினா கேக்க முடியல."

எதிர்த்துப் பேசுகிறான் என்று எனக்குக் கோபம். பாடம் முடியும் வரையில் அவனை நிற்க வைத்தேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு அவன் என்னிடம் சந்தேகம் கேட்பதையே விட்டுவிட்டான்.

பின்னர் ஒரு பள்ளி விடுமுறையில் மனவியல் வரலாறு பற்றிய நூல் ஒன்றைப் படித்தேன். அதிலே இருநூறு ஆண்டுகளுக்கு முன் வேலையிழந்த ஒரு வெள்ளைக்கார இளைஞரின் கதை வந்தது. படிக்கப் படிக்க எனக்கு என் மாணவனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

கிரீனிச்சில் ஓர் உதவியாளர்

இங்கிலாந்தில் லண்டன் மாநகரின் கிரீனிச் என்னும் பகுதியில் புகழ்பெற்ற வானாய்வுக் கூடம் ஒன்று இருக்கிறது. 1765 முதல் 1811 வரை அதன் தலைவராக, அரச வானியலாளராக இருந்தவர் நெவில் மாஸ்கலின். கடலோடிகள் தாங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட உதவும் வானியல் பஞ்சாங்கத்தை வெளியிட்டவர் இவர். அவரிடம் 1794ஆம் ஆண்டில் உதவியாளராகச் சேர்ந்த இளைஞர் டேவிட் கின்னபுரூக்.

உதவியாளரின் வேலை என்ன தெரியுமா? ஒரு நட்சத்திரம் சரியாக எந்த நேரத்தில் உச்சிக் கோட்டைக் கடக்கிறது என்று குறிக்க வேண்டும். தொலைநோக்கியின் உள்ளே மெல்லிய கம்பிகள் நெடுக்காகக் கட்டப்பட்டிருக்கும். பக்கத்திலே ஊசல் கடிகாரம் 'டிக், டிக்' என்று விநாடிக்கு ஒரு முறை அடித்துக்கொண்டிருக்கும். உதவியாளர் முதலில் கடிகாரத்தைப் பார்த்து விநாடியை மனத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு கண்ணைத் தொலைநோக்கியில் வைத்துக்கொண்டு, காதால் 'டிக்' ஓசையை எண்ணிக்கொண்டே இருப்பார். நட்சத்திரம் கம்பியை நெருங்கும்போது அடித்த 'டிக்' ஒன்று. கம்பியைத் தாண்டியபின் அடித்த 'டிக்' மற்றொன்று. இந்த இரண்டு ஓசைகளின்போதும் நட்சத்திரம் எங்கெங்கே நின்றது என்பதை நினைவில் நிறுத்தி, இடையிலே எத்தனையாவது பத்தில் ஒரு பங்கு விநாடியில் அது கம்பியைத் தொட்டது என்று மதிப்பிட வேண்டும். இதற்குக் 'கண் - காது முறை' என்று பெயர்.

சற்று எண்ணிப் பாருங்கள். கண் ஓடும் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். காது கேட்க வேண்டும். மனம் எண்ண வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், பங்கு போட வேண்டும். அத்தனையும் ஒரே சமயத்தில்! பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு விநாடிக்கு மேல் தவறக்கூடாது என்பது அக்கால எதிர்பார்ப்பு.

கின்னபுரூக் முதலில் தம் தலைவரோடு ஒத்துப் போகும்படியே குறித்து வந்தார். 1795 ஆகஸ்டு மாதத்திலிருந்து அவருடைய குறிப்புகள் மாஸ்கலினுடைய குறிப்புகளைவிட அரை விநாடி பிந்தின. தலைவர் எச்சரித்தார். உதவியாளர் முயன்று பார்த்தார். ஆனால் 1796 ஜனவரியில் வேறுபாடு குறைவதற்குப் பதிலாக 0.8 விநாடியாக வளர்ந்தது. அரைக்கால் மூச்சு விடும் நேரம்கூட இல்லையே என்று நமக்குத் தோன்றும். ஆனால் பூமி சுழலும் வேகத்தில் 0.8 விநாடி என்பது நிலநடுக்கோட்டிலே ஏறக்குறைய 370 மீட்டர் தூரம்.

இவர் இனித் திருந்த மாட்டார் என்று முடிவு கட்டி, மாஸ்கலின் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். மற்ற எல்லாவற்றிலும் அவர் உழைப்பாளி, பயனுள்ள உதவியாளர், மனமில்லாமல்தான் அனுப்புகிறேன் என்று தம் பதிவேட்டில் எழுதியும் வைத்தார். மாஸ்கலின் கொடியவர் அல்லர். ஆனால் ஒன்றை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய குறிப்புகளும் வேறுபடுகின்றன என்றால், தவறு உதவியாளருடையதுதான் என்று எப்படித் தெரியும்? தலைவர் சொன்னதே சரி என்று வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

நானும் அன்று வகுப்பறையில் அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

கோனிக்ஸ்பர்க்கில் ஒரு சந்தேகம்

இந்தச் சிறு நிகழ்ச்சி பதிவேட்டிலேயே தூங்கிப் போயிருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து அதை எழுப்பியவர் பிரடெரிக் பெசல் என்ற ஜெர்மானிய வானியல் மேதை. கோனிக்ஸ்பர்க் நகரத்து வானாய்வுக் கூடத்தின் தலைவர் அவர். அந்த நகரம் இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. 1816ஆம் ஆண்டில் கிரீனிச் கூடத்தின் வரலாறு ஒன்றைப் படிக்கும்போது கின்னபுரூக்கின் கதை பெசலின் கண்ணில் பட்டது. பலர் இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். பெசல் நின்று யோசித்தார். எச்சரித்த பிறகும் ஒரு மனிதர் இவ்வளவு பெரிய தவற்றைத் தொடர்ந்து செய்வாரா? இது சோம்பலா, இல்லை வேறு ஏதாவதா?

1820ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தம்மைப் பார்க்க வந்திருந்த வால்பெக் என்ற வானியலாளரோடு சேர்ந்து சோதித்தார். அதே கருவி, அதே நட்சத்திரங்கள். இருவரும் தேர்ந்த அறிஞர்கள். முடிவைப் பார்த்தபோது இருவருக்கும் ஒரு விநாடிக்கு மேலேயே வேறுபாடு! 1823இல் ஆர்கெலாண்டர் என்ற மற்றொரு வானியலாளரோடு ஒப்பிட்டார். அங்கே வேறுபாடு ஏறக்குறைய 1.2 விநாடி. ஏழை உதவியாளர் வேலையிழந்தது 0.8 விநாடிக்கு. அறிஞர் பெருமக்களுக்குள் இருந்ததோ அதைவிட அதிகம்!

உண்மை விளங்கிற்று. இது ஒருவரின் குற்றமன்று. கண்ணையும் காதையும் ஒரே நொடியில் இணைக்கும்படி மனத்தைக் கேட்டால், ஒவ்வொரு மனமும் தனக்கே உரிய வகையில் முந்தும் அல்லது பிந்தும். இந்த ஆளுக்கு ஆள் வேறுபாட்டை வானியலாளர்கள் கணக்கிலே சேர்த்துத் திருத்தம் செய்யத் தொடங்கினார்கள். 1850களில் மின்சாரப் பதிவுக் கருவி வழக்கத்துக்கு வந்தது. நட்சத்திரம் கம்பியைத் தொட்டதும் ஒரு விசையை அழுத்தினால் போதும். கடிகார ஓசையைக் காதால் எண்ண வேண்டியதில்லை. ஆளை மாற்றுவதற்குப் பதிலாக வேலையை மாற்றினார்கள். வேறுபாடு முழுதும் மறையவில்லை என்றாலும் மிகவும் குறைந்தது.

ஊசலும் மணியும்

வானத்தில் பிறந்த இந்தக் கேள்வி விரைவிலே மனிதனின் தலைக்குள் இறங்கிற்று. 1860களின் தொடக்கத்தில் வில்ஹெல்ம் வூண்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர், ஊசல் ஒன்றையும் மணி ஒன்றையும் கொண்டு ஒரு சிறு கருவி செய்தார். ஊசல் அளவுகோலின் மேல் ஆடும். ஓரிடத்தை அடையும்போது மணி ஒலிக்கும். மணி ஒலித்தபோது ஊசல் எங்கே இருந்தது என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். எளிதான வேலைதானே? ஆனால் மணி ஒலித்த உண்மையான இடத்தைச் சொல்ல முடியவில்லை. சொன்ன இடம் வேறாகவே இருந்தது. அந்த வேறுபாட்டை அவர் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு விநாடி என்று கணக்கிட்டார். ஓசையையும் காட்சியையும் மனம் ஒரே கணத்தில் பற்றுவதில்லை, ஒன்றைப் பற்றியபின் மற்றொன்றுக்குத் தாவுகிறது என்பது அவர் கண்ட முடிவு.

இதே வூண்ட்தான் 1879ஆம் ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மனவியல் ஆய்வுக்கூடத்தை நிறுவியவர். ஆய்வு முறையிலான மனவியல் பிறந்த ஆண்டு என்று அதைத்தான் நூல்கள் குறிக்கின்றன. வேலையிழந்த ஓர் உதவியாளரின் 0.8 விநாடி ஒரு புதிய அறிவியலுக்கே பாதை போட்டுக் கொடுத்தது என்றால் மிகையாகாது.

இரண்டு காது, ஒரு வாசல்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு அவசரம் கூடிற்று. விமானக் கட்டுப்பாட்டுக் கூடத்தில் இருப்பவர் பல விமானிகளின் குரல்களை ஒரே சமயத்தில் கேட்க வேண்டியிருந்தது. தவறினால் உயிர்ச்சேதம்.

1953ஆம் ஆண்டில் காலின் செர்ரி என்ற ஆங்கில அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். காதில் மாட்டும் ஒலிக்கருவி வழியாக ஒருவரின் வலக் காதுக்கு ஒரு செய்தி, இடக் காதுக்கு வேறொரு செய்தி. ஒரு காதில் விழுவதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதை நன்றாகவே செய்தார்கள். "சரி, மற்றக் காதில் என்ன கேட்டது?" என்றால் திகைத்தார்கள்! ஆண் குரல் பெண் குரலாக மாறியதைக் கவனித்தார்கள். ஆனால் ஆங்கிலப் பேச்சு நடுவிலே ஜெர்மன் மொழியாக மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. காது திறந்துதான் இருந்தது. ஆனால் பொருள் உள்ளே போகவில்லை.

1952இல் வெல்ஃபோர்ட் என்ற அறிஞர் சொன்ன கருத்தும் இதனோடு பொருந்தும். இரண்டு வேலைகளுக்கான அறிகுறிகள் அடுத்தடுத்துச் சட்டென்று வந்தால், முதலாவது முடிவாகும் வரையில் இரண்டாவது காத்துக் கிடக்கிறது. நம் நெடுஞ்சாலை டோல் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நான்கு வரிசையாகக் கார்கள் வரலாம். திறந்திருப்பது ஒரே வாசல் என்றால் ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். பார்ப்பதும் கேட்பதும் சாலை போன்றவை. முடிவெடுப்பது அந்த வாசல். 1958இல் டொனால்ட் பிராட்பென்ட் எழுதிய நூல் ஒன்று இந்த எண்ணங்களைத் திரட்டி, கவனம் ஒரு வடிகட்டி போல வேலை செய்கிறது என்று விளக்கிற்று. பின்னால் வந்தவர்கள் அதைப் பல இடங்களில் திருத்தினார்கள். நாம் கேளாத பக்கத்திலிருந்து நம் பெயர் வந்தால் சில வேளைகளில் திரும்பிப் பார்க்கிறோமே, அந்த வடிகட்டியில் ஓட்டை உண்டு என்பதற்கு அதுவே சான்று.

2010ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஆய்வாளர்கள் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு வேலைகளை மாறி மாறிக் கவனிக்கும்போது மூளையின் முன்பகுதியில் இடப்பாதி ஒரு வேலையின் நோக்கத்தையும், வலப்பாதி மற்றதன் நோக்கத்தையும் ஏந்தி நிற்பதைக் கண்டார்கள். மூன்றாவது வேலை வந்தபோது தடுமாற்றம் ஏற்பட்டது. இரண்டு கைக்கு இரண்டு குடம். மூன்றாவது குடத்தைத் தூக்கக் கை ஏது?

பழக்கம் என்னும் பெருந்துணை

"அப்படியென்றால் என் அம்மா எப்படிப் பேசிக்கொண்டே மரம் வெட்டினார்?" என்று எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டிலே அடுத்த நிரை அக்காவிடம் ஊர்க் கதையெல்லாம் பேசிக்கொண்டே கத்தியை இழுப்பார். கோடு நூல் பிடித்தாற்போல இருக்கும். பால் ஒழுங்காக மங்கில் இறங்கும். ஆனால் பட்டை முடிச்சு விழுந்த மரம் வந்தால் பேச்சு நின்றுவிடும். "சும்மா இருடா, மரத்துல காயம் பட்டுடும்" என்பார். அந்த மரம் முடிந்த பிறகுதான் கதை தொடரும்.

இதையே அறிஞர்களும் சோதித்திருக்கிறார்கள். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்பெல்கி, ஹெர்ஸ்ட், நைசர் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு கல்லூரி மாணவர்கள் கதை ஒன்றை வாசித்துக்கொண்டே, ஒருவர் சொல்லச் சொல்லச் சொற்களை எழுதப் பழகினார்கள். முதலில் வாசிப்பு வேகம் படுத்துவிட்டது. ஏறக்குறைய ஆறு வாரம் பழகிய பிறகுதான் பழைய வேகம் திரும்பிற்று. தொடக்கத்தில், தாங்கள் எழுதிய சொற்கள் என்ன என்பதே அவர்களுக்கு நினைவில்லை. மேலும் பல வாரப் பயிற்சிக்குப் பிறகே எழுதியதன் பொருளையும் உணர்ந்தார்கள். கல்லூரி மாணவருக்கே அத்தனை வாரங்கள்! அதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம், ஒரு காலைப் பொழுதில், நான் எதிர்பார்த்தேன்.

நம் தமிழ் மரபிலே இந்தத் திறமையை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். அவதானம், கவனகம் என்று அதைச் சொல்வோம். எட்டு வேலைகளைக் கவனிப்பவர் அட்டாவதானி. நூறு வேலைகளைக் கவனிப்பவர் சதாவதானி. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிப் பெரும் புகழ் பெற்றார். அவதானி முன்னே ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்குக் கொடுப்பார். ஒருவர் முதுகில் சிறு கற்களையோ பூக்களையோ எறிந்துகொண்டிருப்பார். இன்னொருவர் இடையிடையே மணி அடிப்பார். எல்லாவற்றுக்கும் கடைசியில் விடை தர வேண்டும்.

இந்தக் கலை மேலே சொன்ன ஆய்வுகளைப் பொய்யாக்குகிறதா? இல்லை என்றே எனக்குப் படுகிறது. கேட்பவர்கள் முறை வைத்துக் கேட்கிறார்கள். அவதானி ஒன்றைப் பற்றி, அதை நினைவிலே பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, அடுத்ததைப் பற்றுகிறார். யாப்பு அவருக்கு மூச்சு மாதிரி பழகிவிட்டது. ஆகவே மனத்தின் வாசல் மற்றவற்றுக்குத் திறந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கான பயிற்சி அதற்குப் பின்னே இருக்கிறது. பயிற்சி இல்லாமல் எந்த அவதானியும் பிறந்ததில்லை.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

இந்த வரலாறு நமக்குச் சொல்வது ஒன்றுதான். இரண்டு வேலையும் கவனம் கேட்கும் வேலையாக இருந்தால் மனம் அவற்றைச் சேர்த்துச் செய்வதில்லை. மாறி மாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் சிந்துகிறது. அந்தச் சிந்தலைக் குற்றம் என்று சொல்லித் தண்டிப்பது நியாயமன்று. வேலையைப் பிரித்துக் கொடுப்பதும், பழக நேரம் தருவதுமே வழி.

நான் இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன். விளக்கம் சொல்லும்போது, "பென்சிலைக் கீழே வைங்க. இப்போ கேக்கிற நேரம்" என்கிறேன். எழுதும்போது நான் வாய் திறப்பதில்லை. கூட்டு வகுப்பிலும் ஒரு பக்கத்துக்குத் தாங்களே செய்யும் பயிற்சியைக் கொடுத்துவிட்டுத்தான் மறுபக்கம் பேசுகிறேன். பாடம் சற்று மெதுவாகத்தான் போகிறது. ஆனால் மறுநாள் கேட்டால் பதில் வருகிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் கூடத்தில், கைப்பேசி ஒலித்துக்கொண்டிருக்கும் மேசையில் பிள்ளையை உட்கார வைத்து, "படி, படி" என்றால் அது எப்படிப் படிக்கும்? தினமும் அரை மணி நேரம் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். உங்களுக்கும்தான் சொல்கிறேன். கையில் பிடிக்காமல் பேசினாலும்கூடக் கைப்பேசிப் பேச்சு ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்கிறது என்று 2001இல் ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தாலும் மனத்தின் வாசல் ஒன்றுதான் அல்லவா?

இன்று மேடையில் பெயர் கூப்பிடக் கூப்பிட வந்து பரிசு வாங்கும் மாணவமணிகளை மனமார வாழ்த்துகிறேன். பெயர் கூப்பிடப்படாமல் கீழே உட்கார்ந்து கை தட்டும் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் எத்தனை பேர் கின்னபுரூக்குகளோ, யார் கண்டது? கின்னபுரூக்கைப் பற்றி மறுபடியும் யோசிக்க ஒரு பெசல் வந்தார். அதற்கு இருபது ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.

நான் நிற்க வைத்த அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அவனுடைய தங்கை இங்கே படிப்பதால் இந்த மலர் அவன் வீட்டுக்கும் போகும். தம்பி, அன்று நீ சொன்னதுதான் சரி. மாஸ்கலின் மாதிரி நான்தான் என் கடிகாரத்தை மட்டும் நம்பிவிட்டேன். வீட்டுப் பக்கம் வரும்போது பள்ளிக்கூடத்துக்கு ஓர் எட்டு வந்து போ.